அலைக்கு விசில்

அலை எழுந்தபோது விசில் அடித்தார்கள். வேறு ஊரில் அடித்திருந்தால் போய்த் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். அடித்தது போர்ட் பிளேரில். சுனாமி வந்த காலையில், போட்டது போட்டபடி மேட்டைப் பார்த்து ஓடின ஊர் இது. ஓடினவர்களும் அவர்கள் பெற்ற பிள்ளைகளும் உட்கார்ந்திருந்த தியேட்டரில், திரை முழுக்கக் கடல் நிமிர்ந்து நின்றதும், இரண்டு விரலை வாய்க்குள் விட்டு அடித்தார்கள். என் பின்வரிசையில் ஒருவன், "அரே பாப் ரே, க்யா சீன் ஹை யார்!" என்று கத்தினான். என்ன சீனாம்! மடியில் பாப்கார்ன் பொட்டலம்.  

என் பக்கத்து நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

நாங்கள் நிக்கோபார்ப் பக்கம் கட்சால் தீவுக்காரர்கள். இலங்கைத் தேயிலை மலையிலிருந்து மூட்டை முடிச்சோடு திருப்பி அனுப்பப்பட்ட சனங்களில் கொஞ்சம் பேரை அரசாங்கம் அங்கே ரப்பர் தோட்டத்தில் கொண்டுபோய் வைத்தது. எங்கள் பெற்றோர் அதில் அடக்கம். நான் படிப்பு, பிறகு ஆபீஸ் வேலை என்று போர்ட் பிளேருக்குக் கப்பலேறிவிட்டேன். அக்கா அங்கேயே கல்யாணம் கட்டி, அங்கேயே பால் வெட்டினாள்.

ரப்பர் மரத்தில் பால் வெட்ட வெயிலுக்கு முன்னால் போக வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பால் ஓடாது. அதனால் எங்கள் லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளின், பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. விடியுமுன் எழுந்து, பால் விடாத தேத்தண்ணி, நாங்கள் சாயத்தண்ணி என்போம், அதைப் போட்டுத் தாங்கள் ஒரு வாய் குடித்துவிட்டு, தூங்குகிற பிள்ளைக்கு ஒரு டம்ளரில் ஊற்றி, சின்னத் தட்டால் மூடி, அடுப்புப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். பிள்ளை எழுந்ததும் தானே எடுத்துக் குடித்துக்கொள்ளும். அதற்குள் ஆறிப் பச்சைத் தண்ணியாகத்தான் இருக்கும். இப்போதும் எனக்குச் சூடாக டீ குடிக்க வராது. ஆபீசில் கேலி செய்வார்கள்.

அந்தக் காலையிலும் அக்கா சாயத்தண்ணியை மூடி வைத்துவிட்டுத்தான் மேட்டுக்குப் போனாள். பூமி ஆடியபோது மரங்களுக்கு நடுவில் இருந்தாள். அத்தானும் மகளும் கீழே, கரையோர வீட்டில். அத்தானைப் பிறகு கண்டெடுத்தார்கள். மகள் கிடைக்கவில்லை. ஆறு வயது.

இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அக்கா இப்போது இங்கே போர்ட் பிளேர் மின்னி பேயில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு அறை எடுத்து இருக்கிறாள். பக்கத்தில் ஒரு ஹாஸ்டலில் சமையல் வேலை. ரோட்டில் கால் வைத்தால் கடல் தெரியும் இடம் அது. இவள் மட்டும் மதில் சுவரைப் பார்த்துக்கொண்டே நடப்பாள். வருஷா வருஷம் டிவிக்காரர்கள் பழைய வீடியோவைத் தோண்டியெடுத்துப் போடும்போது எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். இத்தனை வருஷத்தில் ஒரு அலையைக்கூட அவள் கண் பார்க்கவில்லை. அப்படிப் பார்க்காமல் இருந்துதான் அவள் ஆள் உடையாமல் நிற்கிறாள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். காலையில் வேலைக்குக் கிளம்புமுன் ஒரு டம்ளர் சாயத்தண்ணியை மூடி வைக்கிறாள். சாயங்காலம் வந்து செம்பருத்திச் செடிக்கு ஊற்றுகிறாள். அதைப் பற்றி நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

அந்தப் படத்துக்கு மூலமான நாவலை அவளுக்குப் படித்துக் காட்டியது நான்தான். யாரோ வெள்ளைக்காரர் அந்தக் காலத்தில் எழுதிய கதை. அறிவியல் கதைகளில் அதை மிஞ்ச வேறொன்றில்லை என்பார்கள். அட்டை கிழிந்த தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்று லைப்ரரியில் கிடைத்தது. கட்சாலிலிருந்து இங்கே கூட்டி வந்த புதிதில் அக்கா வாயே திறக்கமாட்டாள். சும்மா உட்கார்ந்திருக்கிறவள் காதில் ஏதாவது விழட்டும் என்று சாயங்காலம் சாயங்காலம் படித்தேன். முதல் அத்தியாயத்தைத் தாண்டின பிறகுதான் கதை எங்கே போகிறது என்று எனக்கே புரிந்தது. புத்தகத்தை மூடப் போனேன். "படி" என்றாள். அவள் அந்த மாதத்தில் பேசின முதல் வார்த்தை அது.

கதை இவ்வளவுதான். எங்கேயோ ஒரு கிரகம், அதற்கு இரண்டு நிலா. இரண்டும் நேர்கோட்டில் வரும்போது கடல் எழும். ஒருத்தி மலையில் உப்புக்கல் வெட்டுகிறவள். அவள் பிள்ளை கீழே வீட்டில். அவள் மேலிருந்து திரும்பிப் பார்க்கிறாள், கடல் இருந்த இடத்தில் கடல் இல்லை. அதோடு அத்தியாயம் முடிந்துவிடும். அடுத்ததில் அவள் வீட்டைக் கழுவிக்கொண்டிருப்பாள். அலை என்ற ஒன்று புத்தகம் முழுக்க ஒரு வரிகூட வராது. பிள்ளையும் வராது. ஆனால் அதற்குப் பிறகு அவள் ராத்திரி கதவைத் தாழ்ப்பாள் போடுவதில்லை. அவள் கிழவியாகிற வரைக்கும் கதை போகும். கடைசிப் பக்கத்திலும் தாழ்ப்பாள் போட்டிருக்காது.

நான் அந்தப் புத்தகத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினேன். எழுதினால் இப்படி எழுத வேண்டும், துக்கத்துக்கு இவன்தான் மரியாதை தெரிந்தவன் என்று ஆபீசில் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்வேன். அக்கா அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை, "அந்தக் கதையப் படியேன்" என்று கேட்டிருக்கிறாள். படித்து முடித்ததும் ஒன்றும் சொல்லாமல் பாத்திரம் கழுவப் போய்விடுவாள். அவளுக்கு அது சாமி புத்தகம் மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் ஆபீசில் ஒரு தம்பி, மெயின்லேண்டிலிருந்து புதிதாகப் போஸ்டிங் ஆகி வந்த மதுரைக்காரப் பையன், போனை நீட்டினான். "மேடம், நீங்க சொல்லிக்கிட்டே இருப்பீங்கல்ல, அந்தப் புக்கைப் படமா எடுத்துட்டாய்ங்க. ஹிந்தி டப்பிங்ல நம்ம தியேட்டர்லயே ஓடுது." போஸ்டரில் ஒரு பெண், பாதி திறந்த கதவு, இரண்டு நிலா. வேறொன்றுமில்லை. அடடா, ஒருவனாவது ஒழுங்காக எடுத்திருக்கிறான் என்று மனசுக்குள் பூரித்துப்போனேன். அந்தப் பூரிப்பை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

வீட்டில் வந்து சொன்னேன். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்.

"நானும் வரட்டா?"

"உனக்கெதுக்குக்கா, கூட்டத்துல."

"அலை காட்டுவானா?"

"புத்தகத்துல எங்க அலை வருது? வராதுக்கா."

"சரி. அப்ப டிக்கெட் எடு."

வராது என்று நான் சொன்ன ஒரு சொல்லை நம்பித்தான் அவள் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள்.

முதல் பாதி பரவாயில்லை. புத்தகத்தில் இல்லாத ஒரு கதாநாயகன் தோல் சட்டை போட்டுக்கொண்டு பறக்கும் வண்டியில் வந்து இறங்கினான். அவனுக்கும் அந்தத் தாய்க்கும் காதல் வேறு. பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். இடைவேளை முடிந்து உட்கார்ந்த சூட்டோடு, உப்பு மலையில் நிற்கிறவள் திரும்பிப் பார்த்தாள். கடல் இருந்த இடத்தில் கடல் இல்லை. தியேட்டர் முழுக்கச் சத்தமே இல்லாமல் போனது. புத்தகத்தில் அத்தியாயம் முடிகிற இடம் அது. நான் மூச்சை விட்டேன்.

அப்போதுதான் டமாரம் அடித்துக்கொண்டு அலை வந்தது. ஒரு தடவை இல்லை. மேலிருந்து ஒரு தடவை, கீழிருந்து ஒரு தடவை, அலைக்கு உள்ளே நுழைந்து ஒரு தடவை. வீடு உடைவதை மெதுவாக்கிக் காட்டினான். பிறகு இன்னும் மெதுவாக்கிக் காட்டினான். ஆட்கள் ஓடினார்கள். ஒரு கிழவர் தலையில் சட்டியோடு ஓடித் தடுக்கி விழுந்தார். சிரிப்பதற்கென்றே வைத்திருந்தான் போல. சனங்களும் சிரித்தார்கள்! இழவு வீட்டில் இலை போடச் சொல்லி உட்காருகிற சென்மங்கள். கதாநாயகன் பறக்கும் வண்டியை அலையின் முதுகில் சறுக்கிக்கொண்டு போனான். அதற்குத்தான் விசில்.

நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். முந்தானையை எடுத்து முகத்தை முழுசாக மூடியிருந்தாள். 

"எந்திரிக்கா. போயிரலாம்."

எழவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வளையல் சதையில் அழுந்தி வலித்தது. இவளால் எழ முடியவில்லை, கால் ஓய்ந்துபோய்விட்டது என்று நினைத்தேன். தூக்கிக்கொண்டா போக முடியும்? அப்படியே உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை அத்தனையும் மனசுக்குள் தமிழிலும் ஹிந்தியிலும் வந்து போனது.

கடைசிக் காட்சியைச் சொன்னால்தான் நான் பட்ட பாடு புரியும். கதாநாயகன் ஒரு கண்ணாடிக் குமிழியைக் கடலடியிலிருந்து இழுத்து வருகிறான். அதற்குள் பிள்ளை! பத்திரமாக, தலை கலையாமல், கன்னத்தில் சாயம் பூசின மாதிரி. தாயின் வீட்டுக் கதவு தானாகத் திறக்கிறது. பிள்ளை "மா" என்று ஓடி வருகிறது. தாய் தூக்கிச் சுற்றுகிறாள், பாட்டு ஆரம்பிக்கிறது. ஆயுசு முழுக்கத் தாழ்ப்பாள் போடாமல் ஒருத்தி காத்திருந்த கதையை இப்படி ஜிகினா தூவி முடித்துவிட்டார்கள். தியேட்டரே கைதட்டியது. முன்வரிசையில் இரண்டு பேர் எழுந்து ஆடினார்கள். நான் திரும்பி உட்கார்ந்து அந்தப் பாப்கார்ன்காரனை முறைத்துக்கொண்டிருந்தேன். அக்கா முகத்தை அப்போது நான் பார்க்கவில்லை.

வெளியே வந்தால் அங்கே அதைவிடக் கண்ராவி. ஆபீஸ் தம்பி ஓடி வந்தான். "எப்படி மேடம்? கிராபிக்ஸ் சும்மா தெறிக்குதுல்ல? அந்த அலை வர்றப்ப நானே நனைஞ்ச மாதிரி இருந்துச்சு."

"நனைஞ்சிருந்தா தெரிஞ்சிருக்கும் தம்பி" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. பாவம், அந்த வருஷம் அவன் பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்திருப்பான். அவனை விட்டுத்தள்ளுங்கள்.

எங்கள் தெருவில் பெரிய வீட்டம்மா ஒருத்தி, பூட்டன் காலத்திலிருந்து இந்தத் தீவில் இருக்கிற குடும்பம், கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அச்சா ஹுவா நா, பச்சி மில் கயா" என்றாள். பிள்ளை கிடைத்துவிட்டதாம், நல்லதாம். சொன்ன வாய் மூடுமுன் போஸ்டர் பக்கம் போய்ச் செல்ஃபி எடுத்துக்கொண்டாள். தியேட்டர்க்காரர்கள் வைத்திருந்த இந்தப் போஸ்டரில், உள்ளே போகும்போது நான் கவனிக்காதது, அலை இருந்தது. அலை முழுசாகத் தெரிகிற மாதிரி இன்னொன்று எடுக்கச் சொல்லிப் புருஷனைத் தள்ளி நிற்க வைத்தாள்.

ஹட் பேயில் வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர் ஒருவர், மாதா மாதம் புத்தகம் பேசுகிற கூட்டம் நடத்துகிறவர், கொதித்துக்கொண்டு வந்தார். அப்பாடா, நம் கட்சிக்கு ஒரு ஆள் என்று நினைத்தேன்.

"அநியாயத்தப் பாத்தீங்களாம்மா? வயிறு எரியுது."

"எரியாம என்ன சார் செய்யும்."

"ரெண்டாவது நிலா பச்சைன்னு தெளிவா எழுதியிருக்கார். அதப்போய் ஊதாக் கலர்ல காட்டிட்டானே!"

"அந்தப் பிள்ளையத் திரும்பக் கொண்டாந்தது சார்?"

"அது கமர்ஷியலுக்காக. அத விடுங்க. நிலா, நிலா பச்சைம்மா!"

சீ என்று போய்விட்டது. படிக்காதவன் விசிலடிக்கிறான், படித்தவன் நிலாவுக்கு வர்ணம் பார்க்கிறான். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள், இங்கே கற்பூரத்தையே தின்றுவிட்டு ஏப்பம் விடுகிறார்கள். ஆட்டோவில் வீடு வருகிற வரைக்கும் நான் வாய் மூடவில்லை. டைரக்டரைத் திட்டினேன், ஊரைத் திட்டினேன், ஆட்டோக்காரர் வண்டியைக் குழியில் இறக்கினதற்கு அவரையும் திட்டினேன். அக்கா சுவர்ப் பக்கமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கியதும் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ராத்திரி வாத்தியாரின் வாட்ஸ்அப் குழுவில் நீளமாக எழுதினேன். இது படம் இல்லை, கொலை என்று எழுதினேன். நாலைந்து கட்டைவிரல் வந்தது. ஒருவர் குட் நைட் ரோஜாப்பூ அனுப்பினார். வாத்தியார் நிலாவைப் பற்றி இரண்டு பத்தி எழுதினார். போனைத் தூக்கிக் கட்டிலில் எறிந்தேன்.

காலையில் அக்கா அறைக்குப் போகப் பயமாக இருந்தது. இருபது வருஷமாக அவள் கட்டிக் காத்ததை ஒரு மத்தியானத்தில் நான் உடைத்துவிட்டேனோ என்றுதான் பயம். போனேன். ஹாஸ்டலுக்கு லீவு சொல்லிவிட்டாளாம், தலைக்குக் குளித்துவிட்டு வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அலை வராதுன்னு சொன்னேன். அவன் இப்பிடி..."

"அதான் முந்தானையப் போட்டு மூடிக்கிட்டனே."

"பாதியிலயே கூட்டிட்டு வந்திருக்கணும் உன்னை."

"கூட்டிட்டு வந்திருந்தா?" விளக்குமாற்றை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "புள்ள வந்ததப் பாத்திருக்க மாட்டேன்ல."

 முந்தின நாள் மிச்சம் வைத்திருந்த கோபத்தையெல்லாம் அவளிடமே கொட்டினேன். "அது பொய்க்கா! புத்தகத்துல அந்தப் பிள்ள வரவே வராது. அதுதானே கதையே. எத்தனை தடவ உனக்குப் படிச்சுக் காட்டியிருக்கேன்?"

"ஆமா, படிச்ச. ஒவ்வொரு வாட்டியும் வரல."

"தெரிஞ்சும் ஏன் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்ன?"

"இந்த வாட்டி வந்துருமோன்னுதான்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். கீரை என்ன விலை என்று கேட்டால் சொல்கிற மாதிரி. சொல்லிவிட்டுக் குப்பையை முறத்தில் வாரினாள்.

"அச்சடிச்சது மாறாதுன்னு எனக்குத் தெரியாதா? தெரியும் புள்ள. இருந்தாலும் நீ கடைசிப் பக்கத்துக்கு வரப்ப வயித்துக்குள்ள ஒரு மாதிரி ஆகும். சரி, இன்னைக்கும் இல்லன்னு எந்திரிச்சுப் போவேன்." முறத்தைத் தட்டினாள். "அந்த எழுதுன மனுசன் கல்லு நெஞ்சுக்காரன். புள்ளையக் கூட்டியாந்து வீட்டுல விட்டா அவன் கையா முறிஞ்சிரும்? இந்தப் படம் எடுத்தவன் நல்லா இருக்கட்டும்."

நான் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். துக்கத்துக்கு மரியாதை தெரிந்தவன் என்று நான் தூக்கிச் சுமந்தவனை இவள் ஒரே வரியில் குப்பையோடு சேர்த்து வாரிவிட்டாள். 

"இன்னைக்கும் ஓடுதா?" என்றாள்.

அதற்குத்தான் லீவாம்.

அன்றும் மத்தியான ஆட்டம் போனோம். அதே கூட்டம், அதே பாப்கார்ன் நாற்றம். எனக்குப் படம் கொஞ்சமும் பிடித்துவிடவில்லை, அதை இங்கே சொல்லிவிடுகிறேன். இரண்டாம் தடவை பார்த்ததில் இன்னும் கேவலமாகத்தான் இருந்தது. அலை வருமுன்னே அக்கா முந்தானையைப் போட்டு மூடிக்கொண்டாள். "முடிஞ்சதும் சொல்லு" என்றாள். விசில் பறந்தது. நான் பின்னால் திரும்பிப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவளுக்குப் பதிலாக. தண்ணீர் வடிந்ததும், "இப்பப் பாருக்கா" என்றேன்.

இந்தத் தடவை அவள் முகத்தைப் பார்த்தேன். கதவு திறக்குமுன்பே நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். கழுத்து நீண்டிருந்தது. முந்தின நாள் பார்த்த படம்தான், பிள்ளை வரும் என்று தெரியும்தான். இருந்தாலும் அவள் உதடு உலர்ந்துபோய், மூச்சு மேலேயே நின்றிருந்தது. கடைசிப் பக்கம் படிக்கும்போதெல்லாம் நான் புத்தகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கதவு திறந்தது. பிள்ளை ஓடி வந்தது. தாய் அதைத் தூக்கிச் சுற்றினாள். கைதட்டல். அக்காவும் தட்டினாள், வளையல் குலுங்க. பிறகு தட்டுவதை நிறுத்திவிட்டு, திரையில் இருந்தவளைப் பார்த்து, பக்கத்து லயத்துக்காரியைக் கூப்பிடுகிற மாதிரி சத்தமாகச் சொன்னாள்.

"ஏடி, சுத்துனது போதும். மொதல்ல அவளுக்குக் குடிக்க என்னமாச்சும் குடு. எப்ப எந்திரிச்ச புள்ளையோ."

பின்னால் யாரோ சிரித்தார்கள். "ஆண்டிஜி, பிக்சர் ஹை" என்றான் ஒருவன், இது வெறும் படமாம். அக்கா அவனைக் கண்டுகொள்ளவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

திரையில் இருந்தவள் எதுவும் கொடுக்கவில்லை. பாட்டு ஆரம்பித்துவிட்டது, ஆட ஆரம்பித்துவிட்டாள். மற்றதையெல்லாம் அந்தப் படக்காரர்களுக்கு நான் மன்னித்தாலும் மன்னிப்பேன். அலைக்கு அத்தனை மெனக்கெட்டவர்களுக்கு, அந்தப் பிள்ளைக்குக் கொடுக்க ஒரு டம்ளர் சாயத்தண்ணி கிடைக்கவில்லை.